பசி மயக்கம் என்று எழுதிவைத்திருந்தேன்

என்னிடம் நீல அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலத்தில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகங்களோடு சேர்ந்து வந்தது. எங்கள் கால்பந்துக் குழுப் பையன்களின் பெயர், வயது, பூட்ஸ் அளவு, பயிற்சிக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை எல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கும். எட்டாம் எண் பையனின் பெயருக்கு நேரே இரண்டு இடத்தில் "பசி மயக்கம்" என்று எழுதியிருக்கிறேன். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே ஏழு வாரம். இரண்டு முறையும் ஓடிக்கொண்டிருந்தபோதே விழுந்தான். இரண்டு முறையும் ஒரு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து வெட்கத்தோடு சிரித்தான். நான் மைலோ கலக்கிக் கொடுத்து, "காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வா" என்று திட்டி அனுப்பினேன்.

மூன்றாம் முறை நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் லயங்கள் காலியாகின, சனங்கள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோனார்கள். ஆனாலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டி மட்டும் நிற்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் போட்டியின் அரையிறுதியில்தான் அது நடந்தது. பிற்பகல் மூன்றரை மணி. பந்து எதிர்க்கோல் பக்கம் இருந்தது. எட்டாம் எண் தன் இடத்துக்குத் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தான். யாரும் அவன் அருகில் இல்லை, யாரும் இடிக்கவில்லை. வேகம் குறைந்தது, இடுப்பில் கை வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். அப்படியே முகம் குப்புற விழுந்தான்.

கை ஊன்றவில்லை. இதை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தடுக்கி விழுகிறவன் எவனும் கையை ஊன்றுவான். ஊன்றாமல் விழுந்தவனுக்கு, விழுவதற்கு முன்பே நினைவு போயிருக்கிறது. திடலோரம் நிற்கிறவர்கள் பந்தை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாங்கள் ஓடிப்போய்ப் புரட்டியபோது அவன் கைகால்கள் வெட்டிக்கொண்டிருந்தன. "வலிப்பு, வலிப்பு" என்று ஒரு குரல். ஆட்டம் பார்க்க வந்திருந்த ஜாகா, தோட்டத்துக் காவலாளி, இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தை உருவி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். ஒருவர் கோடாலித் தைலத்தை மூக்கில் தடவினார். ஒருவர் முகத்தில் தண்ணீரை அடித்தார். அவன் வாய் சற்று நேரத்துக்கு ஒருமுறை திறந்து, கரையில் போட்ட மீனைப்போலக் காற்றை விழுங்கியது. "மூச்சு இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று சொன்னது நான்தான்.

அது மூச்சு இல்லை என்று எனக்குத் தெரியாது. இதயம் நின்று மூளைக்கு இரத்தம் போகாதபோது முதல் சில நிமிடங்களுக்கு அப்படித்தான் வாய் விக்கும், கைகால்களும் வெட்டும். பார்க்கிறவர்களுக்கு அது வலிப்பாகவும் தெரியும், உயிர் இருப்பதாகவும் தெரியும். அந்த இரண்டு தோற்றங்களை நம்பித்தான் நாங்கள் நேரத்தைத் தொலைத்தோம். நெஞ்சில் கை வைத்து அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகிறது. நாங்கள் எத்தனை நிமிடம் சும்மா நின்றோம் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. செம்பனைக் குலை திருட்டுக்காகத் தோட்ட வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி எங்கே என்று தேடினார்கள். அது எட்டாம் எண்ணின் கையில் இருந்தது.

மருத்துவமனையில் எல்லாம் முடிந்த பிறகு, ஜாகா என்னிடம் வந்து, "மாஸ்டர், இரும்பு வைத்தால் நிற்கும் என்று என் அப்பா சொல்வார்" என்றார். அவரை என்ன சொல்வது. என் நோட்டு மட்டும் என்ன வாழ்ந்தது.

மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி. "கால்பந்து ஆடிய இளைஞர் மாரடைப்பால் மரணம்." பதினேழு வயதுப் பையனுக்கு எப்படி மாரடைப்பு வரும் என்று ஊரே கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானதுதான், பெயர்தான் தவறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது. அது குழாய்க் கோளாறு. இவனுக்கு நடந்தது மின்சாரக் கோளாறு. இதயத்தின் கீழறைகளுக்கு வரும் மின் ஓட்டம் தாறுமாறாகி, சுருங்கி விரிய வேண்டிய தசை வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடுகிறது. நடுங்கும் இதயம் உடம்புக்கு இரத்தத்தைத் தள்ளாது. நாடி உடனே நின்றுவிடும். இதைத் திடீர் இதய முடக்கம் என்கிறார்கள். நடுக்கத்தை நிறுத்த வெளியிலிருந்து ஒரு மின்னதிர்ச்சி வேண்டும். தைலத்துக்கும் தண்ணீருக்கும் அங்கே வேலை இல்லை.

பிரேதப் பரிசோதனையில் அவன் இதயத் தசை தடித்திருந்தது தெரிந்தது. இடது கீழறைச் சுவர் சாதாரணமாக 12 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 15ஐ எட்டினாலே மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். இவனுக்கு 24. தறியில் நூல் சிக்கியதைப்போலத் தசை இழைகள் ஒழுங்கு கெட்டுக் கிடக்கும், அந்தச் சிக்கலுக்குள் மின்சாரம் வழிதவறும், ஓட்டமும் வெயிலும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று மருத்துவர் விளக்கினார். 500 பேரில் ஒருவருக்கு இந்தத் தசைத் தடிப்பு இருக்கிறதாம். பெரும்பாலானோர் அது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் திடலில் கொலம்பியாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவும் இப்படித்தான் தனியாக நின்ற இடத்தில் விழுந்தார். அவருக்கும் இதே தடிப்பு. வயது 28. அந்தக் காட்சியை நான் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் நடப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் அடுத்துக் கேட்டது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. "குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?"

"இல்லை" என்றார் அவன் அப்பா. மூன்று நாள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாஸ்டர், என் தம்பி இருபத்து நாலு வயதில் போனான். ஆனால் அது முனி அடித்தது."

ஊருக்கே தெரிந்த கதைதான். உச்சி வெயிலில் மேட்டில் குலை சுமந்து ஏறியவன், முனியாண்டி சாமி மரத்தடியில் வாயில் நுரை தள்ளி விழுந்து கிடந்தான். அன்று மரத்தடியில் ஆடு வெட்டிப் பூசை போட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. திடீர் மரணத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அவர் மனதில் அந்தச் சாவு இருந்த அறையே வேறு. நான் பசி மயக்கம் என்று எழுதினேன், அவர் முனி அடித்தது என்று வைத்திருந்தார், ஜாகா வலிப்பு என்றார், பத்திரிகை மாரடைப்பு என்றது. ஒரே நோய்க்கு நால்வர் வைத்த பெயர்கள்.

இந்தத் தடிப்பு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. அப்பாவுக்கு எக்கோ என்னும் இதய ஒலியலைப் படம் எடுத்தார்கள், லேசாக இருந்தது. தங்கைக்கும் இருந்தது. அவளுக்குப் பதினான்கு வயது, பள்ளியில் இருநூறு மீட்டர் ஓடுகிறவள். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னபோது அவள் அம்மா என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். "ஒரு பிள்ளையைக் கொண்டுபோனீர்கள், இன்னொன்றின் காலையும் கட்டுகிறீர்களா மாஸ்டர்?" பதில் சொல்லாமல் நின்றேன். அவள் இன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குப் போய்க்கொண்டு, ஈப்போவில் கணக்கர் வேலை பார்க்கிறாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஊர்க் கதைகளைக் கேட்கும் விதமே மாறிவிட்டது. கேட்கக் கேட்க, இளம் விளையாட்டாளர்களின் இதயத்தை நிறுத்தும் காரணங்களில் பாதி எங்கள் வாய்மொழியில் வேறு பெயரில் நடமாடுவது தெரிந்தது.

நன்றாக நீந்தத் தெரிந்தவன் முழங்கால் ஆழத்தில் மூழ்கிப்போவான். ஆற்று மோகினி இழுத்தது என்போம். நீண்ட கியூடி என்று ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மறுபடி தயாராகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதில் ஒரு வகைக்கு நீச்சல்தான் தூண்டுகோல். இன்னொரு வகை அலாரம், பட்டாசு போன்ற திடீர்ச் சத்தத்தில் தாக்கும். தூங்கப் போன வாலிபன் விடியும்போது எழவில்லை என்றால் அமுக்குவான் பேய் என்போம். புருகாடா என்னும் மின் கோளாறு தூக்கத்தில்தான் ஆளைக் கொண்டுபோகும். காய்ச்சல் அடிக்கும்போது ஆபத்து கூடும். நம் தென்கிழக்காசியாவில் வாலிபர்களிடம் மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுகிறது. தாய்லாந்துக்காரர்கள் லாய் தாய் என்றும் பிலிப்பீன்ஸ்காரர்கள் பங்குங்கொட் என்றும் அந்தச் சாவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பேய்க்கதை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

நம் வம்சாவளிக்கென்று ஒரு செய்தியும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தினரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அது பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டுவது, பதினேழு வயதுக்காரனின் சாவுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் "எங்கள் பரம்பரையில் இதெல்லாம் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்துகிற பெரியவர்களிடம் சொல்ல எனக்கு உதவுகிறது.

காய்ச்சல் விட்டதும் மறுநாளே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருகிற பையனைப் பார்த்தால் முன்பு எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது வயிறு கலங்கும். சில வைரஸ்கள் இதயத் தசையையே வீங்கவைத்துவிடும். டிங்கியும் எலிக்காய்ச்சலும்கூடச் சிலருக்கு அப்படிச் செய்யும், இரண்டுக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. இதயத் தசை அழற்சி என்று உறுதியானால் மருத்துவர் அனுமதிக்கும் வரை போட்டி ஆட்டம் கூடாது. காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, படி ஏறினால் இளைப்பு, படபடப்பு இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் திடலுக்கு வராதே என்பது இப்போது எங்கள் குழுவின் சட்டம்.

பந்து நெஞ்சில் சரியாக ஒரு கணத்தில் பட்டே இதயம் நின்றுபோவதும் உண்டு, ஹாக்கி ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. இதயக் குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பி, ஓடும்போது நசுங்குவதும் உண்டு. இது இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் சாதாரண இசிஜியில் பெரும்பாலும் அகப்படாது. ஆகவே "இசிஜி எடுத்தாயிற்று, இனிக் கவலை இல்லை" என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல்: கடுமையாகப் பயிற்சி செய்கிறவனின் இதயம் நோய் இல்லாமலே கொஞ்சம் தடிக்கும். அது நோயா பயிற்சியா என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்குகிற எல்லோருக்கும் இசிஜி உட்பட மருத்துவச் சோதனை சட்டப்படி கட்டாயம். வெனெட்டோ வட்டாரத்தில் இளம் விளையாட்டாளர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்றிருந்தது 2004க்குள் 0.4 ஆகக் குறைந்தது. பிற நாடுகளில் இது தேவையா, செலவுக்குப் பலன் உண்டா என்று இன்னும் வாதம் நடக்கிறது. தோட்டத்துக் குழுவுக்கு அந்த வாதத்தில் கலந்துகொள்ளும் வசதி இல்லை. எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது கேள்விதான்.

எப்போது மயங்கினாய் என்பது முதல் கேள்வி. காலை அசெம்பிளியில் வெயிலில் நின்று, கண் இருட்டி, வியர்த்துச் சரிந்தவன் பெரும்பாலும் சாதாரண மயக்கக்காரன். ஓட்டத்தின் நடுவில், முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்தவன் வேறு. அவன் இதயத்தைப் பார்த்தாக வேண்டும், அதுவரை ஆட்டம் இல்லை. ஓடும்போது நெஞ்சு வலிக்கிறதா, உன் வயதுக்காரர்களைவிட உனக்கு மட்டும் மூச்சு அதிகம் வாங்குகிறதா, சும்மா இருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்பவை அடுத்தவை. ஒரு பையன், "நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது மாஸ்டர்" என்று சொன்னான். முன்பாக இருந்தால் சிரித்திருப்பேன். அவனை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ஒரு ரிங்கிட் செலவு. மருத்துவர் பயத்தால் வரும் படபடப்பு என்று மாத்திரை எழுதினார். நான் கதவருகிலேயே நின்று, "ஒரே ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்டேன். இதயத்தில் பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை, பெயர் டபிள்யூ.பி.டபிள்யூ. தொடை வழியாகக் குழாய் விட்டு அந்தப் பாதையைச் சுட்டுவிட்டார்கள். சில வாரத்தில் மறுபடி ஆட வந்துவிட்டான். மறுநாளே மூன்று கோல் போட்டான் என்று எழுத ஆசைதான், ஆனால் அவன் தடுப்பாட்டக்காரன்.

பெற்றோரைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. இளம் போட்டியாளர்களில் ஆண்டுக்கு 50,000 முதல் 80,000 பேருக்கு ஒருவர் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விளையாடாமல் வீட்டில் உட்கார்ந்து நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வாங்கிக்கொள்கிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த ஒருவன் விழும்போது எத்தனை பேர் சும்மா நிற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது உடனே நெஞ்சை அழுத்தினார்கள், திடலிலேயே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு அவர் மறுபடி ஆடினார். 2024 ஜூன் 30 அன்று யோக்யாகர்த்தாவில் ஆசிய ஜூனியர் பூப்பந்துப் போட்டியில் சீனாவின் 17 வயது ஜாங் ஜிஜே விழுந்தபோது, மருத்துவக் குழு நடுவரின் அழைப்புக்காகத் தயங்கியது பெரும் சர்ச்சையானது. அவர் பிழைக்கவில்லை. பூப்பந்தை உயிராக நினைக்கும் நம் நாட்டில் அந்தக் காணொளியைப் பார்க்காதவர் குறைவு.

எங்கள் குழுவில் இப்போது எல்லோருக்கும், பந்து பொறுக்கும் சிறுவர்களுக்கும்கூட, முதலுதவிப் பயிற்சி உண்டு. விழுந்தவனைத் தட்டிக் கூப்பிடு. அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால், வெட்டினாலும் விக்கினாலும் இதயம் நின்றதாகவே வைத்துக்கொள். ஒருவன் 999ஐ அழைத்துப் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைக்கட்டும். இன்னொருவன் நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பின் நெஞ்சு முழுவதும் மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறு, கை தளர்ந்தால் அழுத்தமும் தளரும். பொம்மையில் பழகும்போது பையன்கள் எல்லோரும் மெதுவாகத்தான் அழுத்துகிறார்கள். எலும்பு உடைந்துவிடுமோ என்ற பயம். உடைந்தாலும் உடையட்டும், எலும்பு கூடிவிடும்.

மின்னதிர்ச்சிப் பெட்டி வாங்குவதற்குக் கோயில் கமிட்டியில் இரண்டு கூட்டம் நடந்தது. கோபுரத்துக்குச் சாயமா, பெட்டியா என்று வாதம். பெட்டி வந்தது, சாயம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. திறந்து சுவிட்சைப் போட்டால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று பேசும். நெஞ்சு வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுப்பட்டைகளை ஒட்ட வேண்டும். அதிர்ச்சி தேவையில்லை என்றால் அது கொடுக்காது, ஆகவே தப்பாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பட்டைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, மின்கலத்துக்கும் உண்டு. அதை நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். களவு போய்விடும் என்று கமிட்டித் தலைவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டப் பார்த்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குரலை உயர்த்தினேன். பெட்டி இப்போது திடலோரக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. ஆட்ட நாளில் தோட்ட வாசல் திறந்திருக்கும், முச்சந்தியில் ஆம்புலன்சுக்கு வழிகாட்ட ஒருவன் மோட்டார் சைக்கிளோடு நிற்பான்.

புதிய பையன் சேர வந்தால் தாத்தா பாட்டி யாராவது ஒருவரைக் கூட்டிவரச் சொல்கிறேன். அப்பா அம்மாவுக்குப் பழைய கதை தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள். "நாற்பது வயதுக்குள் யாராவது போனார்களா?" என்று கேட்பதில்லை. "ஆற்றில், தூக்கத்தில், கார் ஓட்டும்போது, வேலைக்காட்டில், சாமி அடித்து, யாராவது?" என்று கேட்கிறேன்.

போன வாரம் ஒரு பாட்டி வந்தார். பேரனுக்குப் பதினைந்து வயது, நல்ல இடதுகால். "அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் இல்லை தம்பி" என்று கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டி, வாசல்படி இறங்கியவர் நின்றார்.

"என் கூடப்பிறந்தவன் ஒருவன் பத்தொன்பது வயதில் ஆற்றோடு போனான். ஆனால் அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்."

பாட்டியை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நோட்டை எடுத்தேன். பையன் வெளியே பந்தைத் தட்டிக்கொண்டு, தன்னை ஏன் இன்னும் திடலுக்கு அனுப்பவில்லை என்று எட்டி எட்டிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை காலை அவனுக்கு இசிஜி.